ஆல்பம் அண்ணனும் நாலு ஆல்பமும்

‘ஆல்பம்’ என்ற ஒரே ஒரு சொல்லைக் கொண்டு திருமயம் வட்டாரம் முழுவதையும் பதற வைக்கக்கூடியவர் ஆல்பம் அண்ணன் ஒருவர்தான். அவருக்கு இயற்பெயர் ஒன்று உண்டு என்பது வாக்காளர் பட்டியலுக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

தொழில் மைக்செட். வளைகுடாவில் வேலை பார்த்தபோது, ஊர் திரும்பிய அறைத்தோழர் ஒருவர் பழைய ஆங்கில ராக் குழு ஒன்றின் பாடல்களை இவருடைய பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம். நாங்கள் பிறப்பதற்கு வெகு முன்பே கலைந்துபோன குழு. பாடல்கள் ஏராளம், ஆனால் கேட்டே தீர வேண்டிய ஆல்பங்கள் நான்கே நான்கு என்பது அண்ணனின் தீர்ப்பு.

“மத்ததெல்லாம் வயித்துப்பாட்டுக்குப் போட்டதும்மா. இந்த நாலுதான் உசுரு. மொதல்ல கோவம், ரெண்டாவதுல அழுகை, மூணாவதுல கிறுக்கு, நாலாவதுல சமாதானம். வரிசையாக் கேக்கணும். நேரா நாலாவதுக்குப் போனா சமாதானம் எங்கிட்டுருந்து வரும்?”

தொடங்கிய பாட்டை அவர் பாதியில் நிறுத்தியதே இல்லை. காதுகுத்து வீடொன்றில் முதல் ஆல்பத்தின் டிரம்ஸ் இடித்த இடியில் குழந்தை வாய் பிளந்து நிற்க, ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். குழந்தை அழ மறந்துவிட்டது. அந்தப் புகழில் அண்ணன் ஓராண்டு ஓட்டினார். பிறகு ஒரு புதுமனை புகுவிழாவில் அதே டிரம்ஸுக்குப் பசுமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, புகழும் அதன் பின்னாலேயே ஓடிவிட்டது.

இந்த நிலையில்தான் என் அக்காவின் நிச்சயதார்த்தம் வந்தது. முன்பு பேசிய சம்பந்தம் பந்தல் போட்ட பிறகு கலைந்திருந்ததால், நாங்கள் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் பெரியம்மா குறை காண்பதற்கென்றே கண்ணாடி மாற்றியவர் என்று வேறு கேள்வி.

எங்கள் அப்பாவுக்கு மட்டும் ஆல்பம் என்றால் போட்டோ ஆல்பம்தான். மைக்செட்டுக்கு அண்ணனையே அமர்த்திய அப்பா, அந்தப் பெயரைத் தாங்கியவர் படமும் எடுப்பார் என்று நம்பினார்.

“தம்பி, ஆல்பமும் நீங்களே போட்டுருவீங்கள்ல?” என்று தொலைபேசியில் கேட்டார்.

“போட்டுருவேன் மாமா. எத்தனை?”

“ரெண்டு பக்கமும் சொந்தம் நெறையா. நாலு போட்டுருங்க.”

மறுமுனையில் அண்ணனின் குரல் தழுதழுத்ததாம். நல்ல தொழில்பக்தி என்று அப்பா பாராட்டினார்.

நிச்சயத்தன்று காலை அண்ணன் வேப்பமரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சாமான்களுக்கிடையே கேமராவைத் தேடினேன், காணவில்லை.

“அண்ணே, கேமரா எங்க?”

“கேமரா எதுக்கும்மா? நாலும் பென்டிரைவுல இருக்கு. இத்தன வருசத்துல நாலையும் போடச் சொன்ன ஒரே மனுசன் ஒங்கப்பாதான்.”

பதில் வாக்கியத்தை நான் மனத்துக்குள் அமைத்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. அண்ணன் முதல் ஆல்பத்தின் கோபத்தைத் தொடங்கிவிட்டார்.

படியில் வைத்த காலைப் பெரியம்மா பின்னுக்கு எடுத்தார். “என்ன சம்பந்தி, டிரான்ஸ்பார்மர் வெடிச்சுருச்சா?”

அப்பா சிரித்தார், அந்தச் சிரிப்பில் பற்கள் மட்டுமே இருந்தன.

“நல்ல காரியத்துக்கு வந்துருக்கோம். உள்ள வாரதா, வண்டியத் திருப்புறதா? சொல்லிப்புடுங்க” என்றார் பெரியம்மா.

சன்னலுக்குள் அக்காவின் முகம் வெளுத்தது. நான் வேப்பமரத்தடிக்கு ஓடினேன். “அண்ணே, அப்பா கேட்டது போட்டோ ஆல்பம்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். பாட்டைப் பாதியில் நிறுத்தினார். பிள்ளையார் பாட்டு எழுந்தது. அதற்கிடையே மைக்கில் அவர் குரலும் வந்தது: “ஒயர் மாறிப்போச்சுங்கம்மா. பொண்ணு வீட்டுக்காரவுக மேல தப்பில்ல, எந் தப்புதான்.”

பெரியம்மாவின் கால் படியேறியது.

அதன்பின் அண்ணன் தம் கைபேசியிலேயே அன்று முழுவதும் படமெடுத்தார். பெரும்பாலோருக்குத் தலை இல்லை.

தட்டு மாற்றி, சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் கிளம்பினார்கள். அண்ணன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஆம்பிளிஃபயர் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

“அண்ணே, பாதில நிறுத்துன அந்தப் பாட்டு எப்புடி முடியும்?”

“அது கெடக்குதும்மா.”

“சொல்லுங்கண்ணே.”

வேன் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அவர் காத்திருந்தார். பிறகு, மைக் இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கும் குரலில் மீதிப் பாட்டைப் பாடினார். அதில் ஒரு சொல்லும் ஆங்கிலமாக இல்லை, சுருதியும் இல்லை. பாடி முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.