சிங்கப்பூர் வழியாகப் பக்கத்துக் கடை

'மின்சாரம்' என்ற வரியில் அப்துல் ஸமட்டின் கடைக்கு எட்டுப் புள்ளி போடுவதா ஒன்பது போடுவதா என்று காலிதீன் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஸமட்டே வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"ஒன்பதப் போடுங்க தம்பி. ஜெனரேட்டர் புதிசு."

"காக்கா, நீங்க இதப் பாக்கப்படாது," என்றான் காலிதீன், அண்ணன் முறை சொல்லி.

"நான் எங்க பாத்த? சும்மா சொல்றன்."

காலிதீன் ஒன்பது போட்டான். அன்றோடு அவனுடைய நிம்மதி போயிற்று.

அவன் வேலை பார்த்த வெளிநாட்டு உதவி நிறுவனம் சுனாமியோடு கல்முனைக் கரைக்கு வந்தது. முதலில் மலசலகூடம் கட்டியது. பிறகு தச்சு வேலை பழக்கியது. போன வருடம் யுத்தம் முடிந்ததும் மனங்களை இணைக்கப் போவதாக அறிவித்தது. இந்த டிசம்பரோடு மூட்டை கட்டப் போகிறது. அதற்கு முன் கடைசியாக ஒரு நல்ல காரியம் செய்ய ஆசைப்பட்டது.

கல்முனையில் ஒரே ஒழுங்கையின், அந்தச் சிறு சந்தின், ஒரு முனையில் ஸமட்டின் கடை, மறு முனையில் தங்கராசாவின் கடை. ஸமட் முஸ்லிம் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுப்பவர். தங்கராசா தமிழ் வீடுகளுக்கு. ஸமட் கடையிலிருந்து ஒரு படத்தைத் தங்கராசா கடைக்கு அனுப்பி, அது போகும் பாதையைக் காலிதீன் சோதித்துப் பார்த்தான். படம் கொழும்புக்குப் போய், கடல் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய், திரும்பி வந்து ஒழுங்கையின் மறு முனையில் இறங்கியது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. அதற்கு இரண்டு பேரும் பணம் வேறு கட்டினார்கள்.

இரண்டு கடையும் ஒரு பொதுப் பெட்டியில் வந்து சேர்ந்தால், உள்ளூர்ப் பேச்சு உள்ளூரிலேயே இலவசமாகக் கைமாறும். அதற்குப் பெயர் இணையப் பரிமாற்ற நிலையம். பெட்டியை யாருடைய கட்டடத்தில் வைப்பது என்பதுதான் கேள்வி. ஸமட்டின் நிலையத்தில் சேருவதற்குக் கட்டணம் இல்லை, மாத வாடகை உண்டு. தங்கராசாவின் நிலையத்தில் சேரும்போது ஒரு பெரிய தொகை, பிறகு வாடகை இல்லை. செலவையும் பலனையும் புள்ளி போட்டு ஒப்பிட்டு ஒன்றைச் சிபாரிசு செய்வது காலிதீன் பொறுப்பு.

நிலையம் வந்தால் அதற்கு ஒரு தொழினுட்ப உத்தியோகத்தர், நிறுவனம் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டுப் போகும் மூன்று வருடச் சம்பளம். அது காலிதீனுக்குத்தான் என்று கொழும்பு மனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். நிலையம் வராவிட்டால் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போக வேண்டும். மச்சினன் அனுப்பிய விசா குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் கிடந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை வளைகுடாவில் உழைக்கும் தன் வாப்பாவைத் திரையில் மட்டுமே பார்த்து வளர்ந்து, எந்தக் கணினியைக் கண்டாலும் முத்தம் கொடுக்கும். காலிதீனின் மகளுக்கு ஒன்றரை வயது.

"எப்படியாவது ரெண்டுல ஒரு கடைய எழுதி முடிங்க," என்றாள் மனைவி சித்தி லைலா.

எழுதினான். ஸமட்டின் மாடி உயரம், கடல் வந்தாலும் பெட்டி நனையாது என்று ஸமட்டைச் சிபாரிசு செய்தான். மறுநாளே தங்கராசாவிடமிருந்து ஏழு காரணங்களோடு ஆட்சேபக் கடிதம் வந்தது.

"தம்பி, உங்களில எனக்கு ஒரு கோவமும் இல்ல," என்றார் தங்கராசா. "நாளைக்கு ஒரு ஹர்த்தால் வந்தா எங்கட பெடியன் அங்க போய் வயரத் தொடுவானா? நீங்களே சொல்லுங்க."

நியாயம்தான். அறிக்கையைத் திருத்தினான். தங்கராசாவின் கடைக்கு மின்வெட்டுக் குறைவு, வாடகையும் இல்லை. இந்த முறை ஸமட்டிடமிருந்து கடிதம். அதிலும் ஏழு காரணங்கள்.

"நம்மட ஆளா இருந்துக்கிட்டு இப்படிச் செய்யலாமா?" என்றார் ஸமட். "பள்ளிவாசல்ல ஆக்கள் கேக்காங்க. நான் என்னத்தச் சொல்ற?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பொது இடத்தில் பேசித் தீர்க்கும்படி மனேஜர் சொன்னார். கல்முனையில் பொது இடம் தேடி ஒரு கிழமை, ஏழு நாளும், அலைந்தான். பாடசாலை என்றால் அது அவர்களுடையது, மண்டபம் என்றால் இது இவர்களுடையது. கடைசியில் மட்டக்களப்பில் ஒரு ஹோட்டலில் கூடினார்கள். ஒரே ஒழுங்கையின் இரண்டு கடைக்காரர்கள் பேசிக்கொள்வதற்கு இருபத்தைந்து மைல். போன இடத்தில் சாப்பாட்டைத் தவிர வேறெதிலும் உடன்பாடு வரவில்லை.

விசா முடிய இரண்டு கிழமை இருந்தது. காலிதீன் துணிந்து, இரண்டு நிலையமும் வேண்டும் என்று எழுதினான்.

மனேஜர் தொலைபேசியில் பூரித்துப் போனார். "அருமை காலிதீன். 'இரு நிலையம், ஓர் உறவு.' பலகையில இதையே எழுதலாம்."

"என்ட சம்பளம், சேர்?"

"ரெண்டு பெட்டி, ரெண்டு பலகை, ரெண்டு திறப்பு விழா. சம்பளத்துக்கு எங்க மிஞ்சும்?"

விழா நடந்தது. இரண்டு கடையிலும் நாடா வெட்டினார்கள். ஸமட்டின் நிலையத்தில் ஸமட் மட்டும் அங்கத்தவர். தங்கராசாவின் நிலையத்தில் தங்கராசா மட்டும். படம் பழையபடி சிங்கப்பூருக்குப் போய் வந்தது. தான் செய்த காரியத்தை நினைத்துக் காலிதீன் வெட்கப்பட்டான்.

மனேஜரிடம் மன்றாடினான். அவர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டையும் ஒரு வயரால நேரா இணைச்சுக் காட்டுங்க. அதப் பாத்துக்கொள்ள ஆள் வேணும் எண்டு சம்பளத்தக் கேட்டு வாங்கலாம்."

காலிதீன் ஸமட்டிடம் ஓடினான்.

"அவங்கட வயர் நம்மட பக்கம் வந்தா சனம் என்ன சொல்லும் தம்பி? ஏலா," என்றார் ஸமட்.

தங்கராசாவிடம் ஓடினான்.

"சனம் அறுத்துப் போடும் தம்பி. சரிவராது," என்றார் தங்கராசா.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. இனி யாரையும் கேட்பதில்லை, தானே இழுத்துவிட்டுச் சொல்வோம் என்று முடிவெடுத்தான். சொந்தக் காசில் நூறு மீற்றர் வயர் வாங்கினான். இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அதில் ஆமினா உம்மா தனியே இருந்தார். பெரிய மனுசி சம்மதித்தால் வேலை முடிந்தது. கட்டாரும் இல்லை, ஒன்றும் இல்லை. வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழக்கமாகப் போகும் அலுவலக மோட்டார் சைக்கிளைக் கூட எடுக்காமல் நடந்தே போய்க் கதவைத் தட்டினான்.

"உம்மா, ஒங்கட கூரைக்கு மேலால இந்த வயர ஒருக்கா இழுத்துக்கொள்ளட்டா? ரெண்டு கடையையும் சேக்கிறதுக்கு. ஒங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது."

ஆமினா உம்மா வயரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அலுத்துக்கொண்டார்.

"இன்னுமொண்டா மகன்? சண்ட நடக்கக்குள்ளயே ஸமட்டும் தங்கராசாவும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சி இழுத்த வயர் என்ட கூரைக்குள்ளால போகுது. ஒபிஸ் மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள்ள திரும்புற நேரம் மட்டும்தான் ரெண்டு பேரும் கழட்டுவாங்க."