ஏகநாட்டில் எல்லோரும் ஆடலாம்

ரோடு போட டெண்டர் விட்டு, ரோடு மட்டும் வராமல் போன எட்டாவது மலைக்கு அந்தப் பக்கம் ஏகநாடு என்று ஒரு நாடு இருந்தது, கண்ணுகளா. அங்கே தேர்தல் கிடையாது. அதற்குப் பதில் ஒரு வீடியோ கேம் இருந்தது. பெயர் 'கோட்டை'. ஆண்டுக்கொருமுறை அரண்மனை மைதானத்துப் பெரிய திரையில் ஆட்டம் நடக்கும். கோட்டையைப் பிடித்தவர் நாட்டை ஆளலாம். ஜெயித்த கையோடு ஒரு சட்டமும் போடலாம்.

ஆடுகிறவர் மன்னர் ஏகவீரர் ஒருவர்தான். எதிரிப் படையைக் கணினியே நடத்தும். அதையும் 'மிகச் சுலபம்' என்று திருகி வைத்திருந்தார்கள். எதிரிகள் தள்ளாடித் தள்ளாடி வந்து அகழியில் தொப்புத் தொப்பென்று விழுவார்கள். மன்னர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்வார்.

ஒரு வெற்றிக்கு, விழா விளக்குகளுக்குக் கரண்ட் போதவில்லை என்று வீடுகளில் மின்விசிறிக்குத் தடை வந்தது. அடுத்த வெற்றிக்கு, புழுக்கத்தில் முகம் சுளிப்பது குற்றமானது. இந்த ஆண்டு மன்னர் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்: ஜெயித்தால் கோரையேரியைத் தூர்த்து அங்கே வெற்றித்தூண் எழுப்பப்படும்.

அந்த ஏரியில் வாத்து வளர்த்துப் பிழைக்கிறவள் தையல்நாயகி. ஏரி போனால் வாத்து போச்சு. வாத்து போனால் அவள் பிழைப்பும் போச்சு. நேரே சபைக்குப் போய் நின்றாள்.

"மகாராசா, தனியா ஆடுறீங்க, நீங்களே ஜெயிக்கிறீங்க. எதிர்ப்பக்கம் நான் ஒரு கை ஆடட்டுங்களா?"

ஆட்டத்துறை அமைச்சர் சண்டமாருதனார் தொண்டையைச் செருமினார்.

"அம்மணி, இருவர் ஆடினால் ஒருவர் தோற்க நேரிடும். தோல்வி நம் பண்பாட்டிலேயே இல்லாதது."

"இப்ப கணினி தோக்குதுங்களே?"

"அது வெளிநாட்டுச் சரக்கு!"

ஆனால் பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. 'நாங்களும் ஆடணும்' என்று சந்தையில் முணுமுணுப்பு. அமைச்சர் தலைமையில் ஒரு குழு கடல் கடந்த தீவுகளுக்குப் போய், ஆராய்ந்து, கடற்கரை வெயிலில் நன்றாகக் கறுத்துத் திரும்பி வந்தது. முடிவு இதுதான்: எல்லோரும் ஆடலாம். எல்லோரும் மன்னர் பக்கம்.

'உலகின் மாபெரும் ஆட்டம்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. வீட்டுக்கு ஒரு செல்போன் கட்டாயம் என்றார்கள். இல்லாதவர்கள் ஆட்டை விற்று வாங்கினார்கள். அரண்மனை மரியாதை ஆட்டத்துக்குள்ளும் உண்டு: மன்னர் தோன்றினால் வீரர்கள் எல்லோரும் குப்புற விழ வேண்டும், அவர் 'எழுக' என்று சொல்லும்வரை எழக்கூடாது. அதுவரை தானாக எழும்பிக்கொண்டிருந்த அகழிப் பாலத்தையும் இனி ஆள்தான் தூக்க வேண்டும். வாய் நீண்ட தையல்நாயகிக்கு அந்த வேலையைக் கொடுத்து ஓரங்கட்டினார்கள்.

ஆட்ட நாள். திரையில் மன்னர் கோட்டை மதில்மேல் தோன்றினார். நாடே குப்புற விழுந்தது. இத்தனை முதுகுகளை ஒரே இடத்தில் அவர் பார்த்ததே இல்லை. இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார். 'எழுக' என்பதை மறந்தே போனார். அதை ஞாபகப்படுத்த யாருக்குத் தைரியம்?

எதிரிப் படை தள்ளாடிக்கொண்டு வந்தது. அமைச்சர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார்.

"ஏய், பாலத்தைத் தூக்கு!"

தையல்நாயகியின் கட்டைவிரல் செல்போன் பொத்தானுக்கு மேலே நின்றது. ஓர் அழுத்து அழுத்தினால் பாலம் எழும், மன்னர் ஜெயிப்பார், ஏரி போகும்.

"கும்பிட்டுக் கிடக்கேனுங்க. எந்திரிச்சா ராசத் துரோகமாச்சே?" என்று சொல்லி, விரலைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள்.

வாழ்நாளில் பாலத்தைத் தாண்டியறியாத எதிரிகள் உள்ளே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டை முற்றத்தில் திருதிருவென்று நின்றார்கள். 'கணினி வென்றது' என்றது திரை.

சட்டம் சட்டம்தானே! ஏகவீரர் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சண்டமாருதனார் முதல் ஆளாகக் கணினிக்கு மாலை போட்டார். "என்ன நிதானம்! என்ன தொலைநோக்கு!"

புதிய மன்னர் எந்தச் சட்டமும் போடவில்லை. ஜனங்கள் பயந்து பயந்து மின்விசிறியைப் போட்டார்கள், யாரும் கேட்கவில்லை. முகம் சுளித்துப் பார்த்தார்கள்; அதையும் கேட்கவில்லை. வாத்துகள் கொழுத்தன.

ஒருநாள் காலை ஏரிக்கரையில் மண் லாரி வந்து நின்றது. முன்னிருக்கையிலிருந்து அமைச்சர் இறங்கினார்.

"கணினி மன்னரின் ஆணை. ஏரி தூர்க்கப்படும்."

"அவரு வாயே தொறக்கலையே சாமி, எப்பச் சொன்னாரு?"

"எங்களிடம் தனியாகச் சொன்னார்."

தையல்நாயகி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படிங்களா! எங்கிட்டயும் தனியாச் சொன்னாருங்க. உங்களை வேலைய விட்டு எடுத்துட்டாராம்."

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "ஆமா, எங்கிட்டயும் சொன்னாரு!" "எனக்கு நேத்தே தெரியும்டி!"

"பொய்! அத்தனையும் பொய்!" என்று அமைச்சர் குதித்தார்.

"அப்ப உங்ககிட்டச் சொன்னது?"

லாரி டிரைவர் மெல்ல இறங்கி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு இன்னிக்கு லீவுன்னு சொல்லிட்டாருங்க."