ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு வினாடி

வெண்டல் தன் பாட்டுக்கு இருந்த மனிதர். அவரைப் பாட்டுக்குள் இழுத்துவிட்டது அவருடைய மகள்தான்.

குளிர்காலம் முழுக்க விஸ்கான்சின் சாலைகளில் பனி ஒதுக்கும் லாரி ஓட்டிவிட்டு, மே மாதம் பிறந்ததும் நாற்காலியில் சாய்ந்துவிடுவது அவர் வழக்கம். இந்த வருஷம் சாய விடவில்லை. மகள் மார்னிக்குக் கல்யாணம். கேக் ருசி பார்க்க ஆறு கடை ஏறி இறங்கியாயிற்று. மேஜைத் துணி வெள்ளை என்று முடிவாகவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயின. வெள்ளையில் பதினொரு வெள்ளை இருக்கிறதாம். எல்லாவற்றுக்கும் “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தாடையே வலித்தது.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மார்னி ஒரு நீளமான பட்டியலைக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் போட்டாள். விருந்தில் மணமக்கள் ஆடும் முதல் ஆட்டத்துக்குப் பாட்டு வேண்டும். அவளுக்கும் மாப்பிள்ளை கெல்வினுக்கும் இரண்டு மாதமாக ஒத்துப்போகவில்லை. இதற்கு மேல் பேசினால் கல்யாணமே நின்றுவிடும் போலிருந்ததால், பெற்றவர்கள் எதைச் சொன்னாலும் சரி என்று விட்டுவிட்டாளாம். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். முதல் சரணம் முடிந்ததும் இரண்டு பக்கத்து அப்பா அம்மாவும் ஜோடியாக வந்து கூட ஆட வேண்டும்.

வெண்டலுக்குக் காபி புரையேறியது.

அவர் ஆடியதே இல்லை. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், தன் கல்யாணத்திலேயே, கணுக்கால் சுளுக்கிவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துகொண்டவர். அன்றைக்கு அவர் மனைவி லொரெட்டா தன் அப்பாவோடுதான் ஆடினாள். அப்புறம் போன கல்யாணங்களில் முதுகு, முழங்கால், ஒருமுறை கடைவாய்ப் பல் என்று ஏதாவது ஒன்று அவர் உதவிக்கு வந்தது. வீட்டில் லொரெட்டா அவரை ஆட்டி வைப்பது வேறு விஷயம். அதை யாரும் சுற்றி நின்று பார்ப்பதில்லை. விருந்துக்கோ கூட வேலை பார்க்கும் லாரி டிரைவர்கள் இருபத்திரண்டு பேரும் வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா அம்மா வேறு வியாழக்கிழமைதோறும் நடன வகுப்புக்குப் போகிறவர்கள்.

சொந்தப் பெண்ணின் கல்யாணத்தில் சுளுக்கு எடுபடாது. அந்த அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது. ஆனால் பாட்டு முடிந்தால் ஆட்டமும் முடிந்தது, இல்லையா?

“பாட்டை நானே தேடுறேன்” என்றார்.

மேஜைத் துணியைப் பற்றிக்கூட வாய் திறக்காத அப்பா. மார்னிக்குக் கண் கலங்கிவிட்டது. லொரெட்டா மட்டும் பாத்திரம் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“என் பொண்ணு கல்யாணம். எனக்கு ஆசை இருக்காதா?”

“இருக்கும், இருக்கும். ஆசை வந்த தேதிதான் புதுசு.”

நான்கு நாள் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்து நூற்றுச் சொச்சம் பாட்டுகளைக் கேட்டார். கிடைத்தது ஒன்று. ஆற்றங்கரை, ஒரு மாட்டுக்காரன், அவன் காதலி, அவன் குதிரை. பெரும்பாலும் குதிரை. மொத்தம் ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு வினாடி. முதல் சரணம் ஒரு நிமிஷம் ஐந்தில் முடிகிறது. மீதி நாற்பத்தேழு. மேஜையிலிருந்து நடுக்கூடத்துக்கு நிதானமாக நடக்க முப்பது, கோட்டுப் பொத்தான் போடப் பத்து. ஏழு வினாடி யாரும் ஆடலாம்.

மார்னி ஒருமுறை கேட்டாள். முகம் மாறியது.

“அப்பா, இதுல குதிரை செத்துப்போகுதே.”

“கடைசி வரியிலதானேம்மா சாகுது. அதுக்குள்ள எல்லாரும் கைதட்ட ஆரம்பிச்சுருவாங்க.”

லொரெட்டாவிடமும் ஒரு பாட்டு இருந்தது. ஆறு நிமிஷம் நாற்பது வினாடி. நடுவில் சாக்ஸபோன் மட்டும் ஒன்றரை நிமிஷம். இரண்டு நாள் இழுபறி. அவர் சுருக்கத்தின் அழகைப் பற்றிப் பேசினார், பழைய பாட்டின் எளிமையைப் பற்றிப் பேசினார், குதிரையின் விசுவாசத்தைப் பற்றிக்கூடப் பேசினார். மூன்றாம் நாள் காலையில் அவள் சட்டென்று இறங்கி வந்தாள்.

“சரி, உன் பாட்டே இருக்கட்டும்.”

அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் மூன்று நாளில் விட்டுக்கொடுத்ததே கிடையாது. ஆனால் களைத்த மனிதனுக்கு வெற்றி வந்தால் அதைப் புரட்டிப் பார்க்கத் தெம்பிருக்காது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இசைத்தட்டுப் போடும் ஆள் வேண்டாம், தன் பெரியப்பா மகன் ஆல்வினின் குழு நேரில் வாசிக்கட்டும். அக்கார்டியன், பெரிய ஊதுகுழல், ஒரு டிரம், மூன்று பேர். வெண்டல் தாராளமாகச் சம்மதித்தார். இருந்தாலும் முன்ஜாக்கிரதைக்காரர் ஆயிற்றே. ஆல்வின் வீட்டுக்கே போய் வாசிக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். மிகச்சரியாக ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டில் முடிந்தது.

விருந்தன்று எல்லாம் கணக்குப்படி நடந்தது. மார்னியும் கெல்வினும் ஆடினார்கள். சரணம் முடிந்து பெற்றவர்களைக் கூப்பிட்டார்கள். வெண்டல் நிதானமாக நடந்தார். நின்று பொத்தான் போட்டார். லொரெட்டாவின் இடுப்பில் கை வைத்தார். ஏழு வினாடி இப்படியும் அப்படியும் சாய்ந்தார். குதிரை செத்தது.

அவர் கையை எடுத்தார். அக்கார்டியன் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. செத்த குதிரை எழுந்து மறுபடி ஆற்றங்கரைக்கு வந்தது.

ஏதோ தவறு என்று நினைத்தார். இரண்டாம் முறையும் குதிரை செத்து மறுபடி எழுந்தபோது தவறில்லை என்று தெரிந்துவிட்டது. நான்காவது சுற்றில் வியாழக்கிழமை வகுப்புக்காரர்களே பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மணமக்கள் கேக் பக்கம் ஒதுங்கினார்கள். கூடத்தின் நடுவில் இவர்கள் இரண்டு பேர்தான். வெண்டல் அங்குலம் அங்குலமாக லொரெட்டாவை மேடைப் பக்கம் நகர்த்தினார். அதுவும் ஆட்டம் போலத் தெரிந்திருக்க வேண்டும். லாரி டிரைவர்கள் விசில் அடித்தார்கள்.

“ஆல்வின், நிறுத்துய்யா. உயிர் போகுது.”

ஆல்வின் கண்ணைத் திறந்தார். “நானா எப்படி நிறுத்துறது? கல்யாணப் பொண்ணோட அம்மா கையைத் தூக்கினாத்தான் நிறுத்துவோம். எங்க குழுவுல என்னைக்கும் அப்படித்தான். லொரெட்டாவுக்குத் தெரியுமே.”

வெண்டல் திரும்பினார். லொரெட்டாவின் இரண்டு கைகளும் அவர் கழுத்துக்குப் பின்னால் கோத்திருந்தன. அவள் முகம் சிவந்திருந்தது, கண் பளபளத்தது. தன் கல்யாணத்தன்று இந்த முகத்தைத் தான் பார்க்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கால் அதைவிட அதிகமாக வலித்தது.

“லொரெட்டா, கொஞ்சம் கையைத் தூக்கேன்.”

“தூக்கணும்னா உன்னை விடணுமே” என்றாள்.