ரூபினியின் டம்ளர்

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது சந்தானம் அலுவலகக் கூட்டத்தில் இருந்தான்.

"சார், அதிதி இன்னிக்கு ரித்விக்கோட வாட்டர் பாட்டில் அடியில நெயில் பாலிஷால சிவப்புப் பொட்டு வெச்சிருக்கா," என்றார் வகுப்பு ஆசிரியை. "இனிமே நீ இதுலதான் குடிக்கணும்னு சொல்லி, அவனைத் தரையில உக்கார வெச்சுட்டா."

"ரெண்டு பேருக்கும் சண்டையா மேடம்?"

"இல்ல சார். ரித்விக் இந்த வாரம் போர்டு துடைக்கிறான். வேலை செய்யறவங்களுக்குத் தனின்னு சொல்றா."

ரித்விக்கின் அப்பா எலும்பு மருத்துவர். அவர் ஏற்கெனவே பிரின்சிபால் அறையில் உட்கார்ந்திருந்தார்.

"அதைவிடப் பெரிய பிரச்சினை மத்த பசங்க சார். பொட்டு சிவப்பா இருக்கக் கூடாது, எங்க வீட்டுல நீலம்தான்னு மூணு பேர் அவகிட்ட வாதம் பண்றாங்க."

சனிக்கிழமை பள்ளி ஆலோசகர் வீட்டுக்கு வருவார். அவர் எழுதிக்கொடுப்பதைப் பார்த்துத்தான் அதிதிக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். இந்தப் பள்ளிக்காக, அவள் பிறந்த மறுவாரமே விண்ணப்பம் போட்டவன் சந்தானம்.

"நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா அவகிட்ட?" என்றாள் வீட்டில் அவன் மனைவி அலர்மேல்மங்கை.

உண்மைதான். யாரும் எதுவும் சொன்னதில்லை. வேலைக்கு வரும் ரூபினி நீலசந்திராவிலிருந்து பஸ் பிடித்துக் காலை எட்டு மணிக்கு வருவாள். பாத்திரம் தேய்ப்பாள். சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து காபி குடிப்பாள். அந்த டம்ளரின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். அவ்வளவுதான்.

சந்தானம் மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டான்.

"வேலை செய்யறதுக்காக இல்லடா கண்ணா. ரூபினி நாலு வீட்டுக்குப் போயிட்டு வரா இல்லையா? கிருமி ஒட்டிக்கும். அதுக்குத்தான் தனி டம்ளர்."

அதிதி தலையாட்டினாள். எதையும் ஒரே தடவையில் புரிந்துகொள்கிற குழந்தை.

மறுநாள் அமாவாசை. தர்ப்பணம் முடிந்ததும் வாத்தியார் சோபாவில் சாய்ந்தார்.

"மாமா, இன்னிக்கு எத்தனை வீட்டுக்குப் போனேள்?" என்று அதிதி கேட்டாள்.

"இது பதினொண்ணாவது குழந்தே."

அதிதி உள்ளே ஓடினாள். அலர்மேல்மங்கை வந்து பார்ப்பதற்குள் வாத்தியார் பொட்டு வைத்த டம்ளரில் காபியை முடித்திருந்தார். தரையில் உட்காரச் சொன்ன குழந்தையிடம், தனக்கு முட்டிவலி என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை சந்தானம் வீட்டிலிருந்த பன்னிரண்டு டம்ளர்களுக்கும் பொட்டு வைத்தான். இனி எல்லோரும் சமம்.

அலர்மேல்மங்கை அவற்றைத் தொடவில்லை. இருமல் மருந்து மூடியில் காபி குடித்தாள். ஒரு வேளைக் காபிக்குப் பதினெட்டு மூடி ஆயிற்று.

அதிதி பக்கத்தில் நின்று எண்ணினாள். பிறகு அப்பாவிடம் வந்தாள்.

"அம்மாவுக்கு மட்டும் தனியா? அம்மா யாராத்துல வேலை செய்யறா?"

சனிக்கிழமை விடியற்காலையில் சந்தானம் நெயில் பாலிஷ் ரிமூவர் வைத்துப் பன்னிரண்டு பொட்டுகளையும் அழித்தான். இப்போது ரூபினியின் டம்ளர் எது என்று தெரியவில்லை. அலர்மேல்மங்கை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் ரிமூவர் வாசனைதான் வந்தது.

பத்து மணிக்கு ஆலோசகர் ஸ்வர்ணா வந்தார்.

"உங்க வீட்டுல யாருக்கு எந்த டம்ளர்? சொல்லு பாக்கலாம்," என்றார் அதிதியிடம்.

"எல்லாத்துலயும் பொட்டு இருந்துது ஆன்ட்டி. காத்தால அப்பா அழிச்சுட்டா."

ஸ்வர்ணா பேனாவைத் திறந்தார்.

"குழந்தை ஏதோ உளர்றது," என்றாள் அலர்மேல்மங்கை. "வேணும்னா ரூபினியையே கேட்டுக்கோங்கோ." சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

ரூபினி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"பயப்படாம சொல்லுமா. இந்த வீட்டுல உனக்குன்னு தனி டம்ளர் இருக்கா?"

சந்தானம் சுவரைப் பார்த்தான். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"இல்ல மேடம். அவங்க எதுல குடிக்கிறாங்களோ அதுலதான் நானும் குடிக்கிறேன்."

ஸ்வர்ணா எழுதினார். குழந்தைகள் எங்கிருந்தோ எதையாவது பிடித்துக்கொள்கிறார்கள், வீட்டில் குறையில்லை, சீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சந்தானம் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டான். சமையலறைக்குப் போனான். அலர்மேல்மங்கையும் பின்னாலேயே வந்தாள்.

"ரூபினி, எங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கே. இதை மறக்கவே மாட்டோம்," என்றான் சந்தானம்.

ரூபினி குழாயை மூடினாள்.

"பொய்யெல்லாம் இல்ல சார். கம்பி நாரு போட்டுத் தேய்ச்சா அந்தப் பொட்டு ரெண்டு நாள் நிக்காது. அம்மா பதறுவாங்களேன்னு, மூணு வருசமா கைக்குக் கெடச்ச டம்ளர்ல நான்தான் வெச்சினு இருக்கேன்."