ரெண்டு காது எடுத்த சோகப் படம்

என் நாட்குறிப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் கீழ் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'சாவுக் காட்சிக்கு இவ்வளவு சிரிப்பு தூத்துக்குடியில் இதற்கு முன் பதிவாகவில்லை.' அந்தச் சாவைப் படமாக்கியவர், ஊரே 'ரெண்டு காது' என்று கூப்பிடும் போட்டோக்காரர். தமிழ் சினிமாவுக்கு இந்தக் கடற்கரை கொடுத்த ஒரே மேதை அவர்தான். வாங்கிக்கொண்டவர்கள் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் படம் அவர்தான். "நேரா பாருங்க. சிரிக்கப்பிடாது. ரெண்டு காதும் தெரியணும்." அவர் எடுத்த படத்தை எந்த அலுவலகமும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தக் கர்வத்தில் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு சினிமா எடுக்கக் கிளம்பினார்.

கடலுக்குப் போன மகன் திரும்பி வராத கதை. நான் அப்பா, தையல் கடை செல்வி அம்மா. மகனைக் கடலுக்கு அனுப்பியதற்காக அவள் என்னை ஏச வேண்டும்.

"அண்ணாச்சி, இவரப் பாக்காம இவர எப்படி ஏச?" என்றாள் செல்வி.

"ஏளா, கேமராவப் பாத்து ஏசு. திரும்புனா ஒரு காது போயிரும்லா."

"புள்ளையே போயிட்டான். காது போனா என்ன?"

"காது தெரியாட்டா அழுதது யாருன்னு எப்படித் தெரியும்?"

இருவரும் தோளோடு தோள் ஒட்டி, கேமராவை முறைத்தபடி மகனுக்காக அழுதோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் திரையிட்டார். சென்னையிலிருந்து ஓர் இயக்குநர் வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் தயாரிப்பாளர் கிடைப்பார். மண்டபமே உருண்டு சிரித்தது. ரெண்டு காது சுவரோரம் அசையாமல் நின்றார். சென்னைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம். "சொல்லி அனுப்புறேன்" என்று போனவர், சொல்லவே இல்லை.

பிறகு அந்தச் சென்னைக்காரருடைய படம் வந்தது. அதில் ஒரு குடும்பமே கேமராவை நேராகப் பார்த்து அழுகிறது. 'புதிய திரைமொழி' என்று விமர்சனம் வேறு. டைட்டிலில் ட்ரோன் வாடகைக்குக் கொடுத்தவருக்குக்கூட நன்றி. ரெண்டு காதின் பெயர் இல்லை. எழுத்து எழுத்தாகத் தேடிவிட்டேன்.

"வக்கீலப் பாப்போம் அண்ணாச்சி" என்று கொதித்தேன்.

"விடும்வே. மூக்குக்குக் கீழ நிழல் விழுது, அதுகூடத் தெரியாம எடுத்திருக்கான்." செல்போனில் அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டார். அது முடிந்ததும், "தியேட்டர்ல ஜனங்க அழுதாங்களா?" என்று கேட்டார்.

"அழுதாங்க அண்ணாச்சி. எல்லாரும் அழுதாங்க."

நான் போன காட்சியில் யாரும் அழவில்லை. மற்ற காட்சிகளைப் பற்றிய தகவல் இன்றுவரை உறுதியாகவில்லை.