ஒரு பக்கம் சாம்பிள்

திருப்பூரில் இப்போது ஓர் இனம் வேகமாகப் பெருகி வருகிறது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ஒண்ணும் பண்ணலீங்க' இனம். வயது அறுபதை நெருங்கும். நெற்றி மட்டும் நாற்பதிலேயே நின்றுவிடும். போன மாதம் வரை கோடு கோடாக இருந்த முகம், இந்த மாதம் அயர்ன் போட்டு அட்டைப்பெட்டியில் வைத்த பனியன் மாதிரி வந்து நிற்கும். ஒரு மரியாதைக்கு நீங்கள், "ஏனுங்க, ஆளே மாறிட்டீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், "ஒண்ணும் பண்ணலீங்க, தண்ணி நல்லாக் குடிக்கறேன், அவ்வளவுதானுங்க" என்று பதில் வரும். நாமும் தண்ணீர்தானே குடிக்கிறோம்? நம் நெற்றிக்கு மட்டும் என்ன கேடு?

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பல்வலி என்று சொல்லிவிட்டு நாலு நாள் காணாமல் போவார்கள். திரும்பி வரும்போது பல்லைப் பற்றிப் பேச்சே இருக்காது, வாரத்துக்கு ஒரு புதுப்படம் மட்டும் வாட்ஸ்அப்பில் ஏறும். காரில் உட்கார்ந்ததும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, பின்னால் வருகிற லாரியைக் கடவுளிடம் ஒப்படைத்துவிடுவார்கள். நீங்கள் நல்ல நகைச்சுவையாக ஒன்று சொன்னால் "நல்லா இருக்குதுங்க" என்று வாயால் சொல்வார்கள். முகம் எதுவும் சொல்லாது.

இந்த இனத்தில் எனக்கு நெருக்கமானவர் சென்னியப்பன். பனியன் ஏற்றுமதி செய்கிறவர். அவருக்கு லேபிள் அடித்துக் கொடுப்பவன் நான் என்பதால் அந்த முகம் அடிக்கடி என் பார்வையில் படும். மனிதர் சுருக்கத்துக்குப் பரம விரோதி. துவைத்தால் துணி எவ்வளவு சுருங்கும் என்று அளந்தே ஆயுளைக் கழித்தவர், ஒருநாள் குளியலறைக் கண்ணாடியில் தன் நெற்றியையே அளந்துவிட்டார். அப்போது மகள் கீர்த்தனாவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மேடையில் சம்பந்திக்குப் பக்கத்தில், சம்பந்தியின் சித்தப்பா மாதிரி நிற்க அவர் தயாராக இல்லை.

நேராகத் தோல் டாக்டரிடம் போனார். நெற்றியில் ஊசி போட்டால் சுருக்கம் நாலைந்து மாதத்துக்குத் தலைகாட்டாது என்று அந்த அம்மாள் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சென்னியப்பன் சொன்னார்:

"சரிங்க டாக்டர். முதல்ல ஒரு பக்கம் மட்டும் போடுங்க. பார்த்துட்டு அப்ரூவல் குடுக்கறேன். அப்புறம் அடுத்த பக்கம் பண்ணிக்கலாம்."

"முகத்துக்கு அப்படியெல்லாம் சாம்பிள் போடறதில்லீங்க" என்றார் டாக்டர்.

சாம்பிள் பார்க்காமல் ஒரு பட்டன்கூட வாங்காத மனிதர் இதற்கெல்லாம் மசிவாரா? ஊசி போட ஊரில் இடத்துக்கா பஞ்சம்? பலகையில் 'டாக்டர்' என்று போடாமல் 'எக்ஸ்பர்ட்' என்று மட்டும் போட்டிருந்த ஓர் இடத்தில் உடனே ஒப்புக்கொண்டார்கள். வலது பக்கம் போட்டார்கள். சில நாளில் வலது நெற்றி மொசைக் தரை மாதிரி ஆயிற்று. இடது நெற்றி பழைய வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் யோசித்தால் பாதி நெற்றி யோசித்தது. ஆச்சரியப்பட்டால் ஒரு புருவம் மட்டும் ஏறியது.

"வலப்பக்கம் பளபளன்னு இருக்குதுங்களே?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணலீங்க. ஊத்துக்குளி வெண்ணெய் தடவறேன்" என்றார்.

"ஒரு பக்கம் மட்டுங்களா?"

இடது புருவம் மட்டும் என்னை முறைத்தது. இதை நம்பி வெண்ணெய் வாங்கித் தடவிய அவருடைய கணக்குப்பிள்ளைக்கு முகமெல்லாம் பரு வந்தது தனிக்கதை.

சாம்பிளுக்கு அப்ரூவல் கொடுப்பதற்குள் காரியம் முந்திக்கொண்டது. கீர்த்தனா தன்னோடு கல்லூரியில் படித்த அருள்செல்வனைத்தான் கட்டுவேன் என்று இரண்டு வருடமாகப் போராடி, அப்போதுதான் இரண்டு வீடும் இறங்கி வந்திருந்தது. மாப்பிள்ளைக்குத் திடீரென்று லீவு கிடைத்துவிட, கொமரலிங்கத்திலிருந்து அப்பா அம்மாவோடு உறுதி பேச வந்துவிட்டான். அடுத்த பக்கத்துக்கு அன்றைக்கே ஊசி போட்டாலும் வேலை செய்யச் சில நாளாகும். சென்னியப்பன் வேறு வழியில்லாமல் அதே முகத்தோடு கூடத்தில் உட்கார்ந்தார். பொட்டலம் பிரித்த பலகாரத்துக்கும் எனக்கும் எப்போதும் உறவு உண்டு, நானும் இருந்தேன்.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார், அம்மா இடப்பக்கம். விதியை என்ன சொல்வது? அப்பா கண்ட முகத்தில் பரம சாந்தம். அம்மா கண்ட முகத்தில் நாலு கோடு, ஏறிய புருவம். எதையும் கவனமாகக் கேட்கும்போது நெற்றியைச் சுருக்குவது சென்னியப்பனின் நாற்பது வருடப் பழக்கம். மாப்பிள்ளையின் தென்னந்தோப்பைப் பற்றி அந்த அம்மாள் சொல்லச் சொல்ல, புருவம் 'அப்படியா சங்கதி?' என்று ஏறிக்கொண்டே போயிற்று.

அந்த அம்மாள் கணவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கூட்டுல சொல்றாங்க, உங்களுக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு. எனக்கு அப்படித் தெரியலீங்க. ஆனாலும் மனசில்லாம ஒரு காரியம் வேண்டாமுங்க."

"அய்யோ, ரொம்பப் புடிச்சிருக்குதுங்க" என்று பதறினார் சென்னியப்பன். பதறியதில் புருவம் இன்னும் மேலே போய், பச்சைக் கேலியாகத் தெரிந்தது. அந்த அம்மாள் கொண்டுவந்த பூத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வாசற்படியில் நின்ற கீர்த்தனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பா, சொல்லீருங்கப்பா" என்றாள். இரண்டு வருடம் போராடிய பெண்ணின் கல்யாணம் ஒரு புருவத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அம்மா சித்ரகலாவோ, "இப்பவாவது வாயத் தொறங்க" என்று பல்லைக் கடித்தார்.

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நெத்தியில வெண்ணெய் இல்லீங்க, ஊசிங்க. வலப்பக்கம் மட்டும் சாம்பிள் போட்டுப் பார்த்தேன். இன்னும் அப்ரூவல் குடுக்கலீங்க."

எல்லோரும் மாப்பிள்ளையின் அம்மாவையே பார்த்தோம். அந்த முகத்தில் ஓர் அசைவு இல்லை. கோபமா, வெறுப்பா, ஒன்றும் புரியவில்லை. கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது. தோள் குலுங்கியது.

"அத்தை, அழுகாதீங்க" என்றாள் கீர்த்தனா.

"அழுகலே கண்ணு. சிரிச்சுட்டுத்தான் இருக்கறேன். எனக்கு ரெண்டு பக்கமும் ஆயிருச்சு" என்றார் அந்த அம்மாள்.

அவருடைய கணவர் மெதுவாகத் திரும்பினார். "கத்தாழைன்னு சொன்னயே?"

கல்யாணத்துக்குத் தேதி குறித்தாயிற்று. சென்னியப்பன் மறு பக்கத்துக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. சம்பந்தியம்மாள் தன் டாக்டரின் முகவரியைக் கொடுத்திருப்பதாகக் கேள்வி.

நீங்கள் இந்த இனமில்லை, எனக்குத் தெரியும். மீசையின் கருப்பு பரம்பரை வாகு. வாட்ஸ்அப்பில் இருக்கும் படம் சமீபத்தில் எடுத்ததுதான், போனே கன்னத்தை வழித்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? யாராவது கேட்டால் "ஒண்ணும் பண்ணலீங்க" என்று தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லும்போது இரண்டு புருவமும் சேர்ந்து ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.