மறுக்கா அண்ணனும் மக்கர் பண்ணிய ஸ்கிரிப்ட்டும்

ஒரு காரியம் கெட்டுப்போனால் லட்டு கொடுத்துக் கொண்டாடுகிற மனிதர் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஆபீஸ் மறுக்கா அண்ணன். எந்தக் கோளாறைச் சொன்னாலும் மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்லி "மறுக்கா ஓட்டுங்க" என்பார். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பள நாளில் மட்டும்தான் கேட்போம்.

கீரமங்கலம் பூ மார்க்கெட் விலையைக் காலையில் விவசாயிகளின் போனுக்கு அனுப்புவதுதான் எங்கள் குட்டி ஆபீஸின் பிழைப்பு. விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள், யூனிக்ஸ் என்கிற வேறு ஜாதிக் கம்ப்யூட்டரின் வேஷம் கட்டிய ஒரு கறுப்புத் திரை. அதில் ஓடும் ஸ்கிரிப்ட், சின்னச் சின்ன புரோகிராம்களை ஒவ்வொன்றாகக் கிளப்பி விடும். திடீரென்று அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. சில நாள் எல்லாம் கிளம்பும். சில நாள் பாதியிலேயே விழுந்துவிடும்.

"இன்னொரு நாள் நின்னா மார்க்கெட்காரங்க வேற ஆளப் பாத்துருவாங்க. ஆபீஸை மூட வேண்டியதுதான்" என்றார் முதலாளி. மதியம் வீட்டுக்கு ஓடிப்போய்க் கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிற வேலை எனக்கு வேறு எங்கே கிடைக்கும்? சென்னைக்குத்தான் மூட்டை கட்ட வேண்டும்.

அண்ணன் வந்து உட்கார்ந்தால் ஸ்கிரிப்ட் சமர்த்தாக ஓடும். டீக்கடைக்குப் போனதும் விழும். "ஆளப் பாத்துப் பண்ணுது கழுதை!" என்றவர், மறுநாள் முகம் தெரியாமல் ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவர் கண்முன்னே விழுந்தது.

"நல்லதாப் போச்சு! யாரும் தொடாதீங்க!" என்று கத்திவிட்டு, ஓடிப்போய் லட்டு வாங்கி வந்தார்.

"சென்னைக்கு மூட்டை கட்டணுமேன்னு எனக்கு இங்க உசுரு போகுது, லட்டு திங்கிறீங்களேண்ணே!"

"கண்ணு முன்னாடி விழுந்தாத்தானம்மா புடிக்க முடியும்?"

அப்புறம் ஒவ்வொன்றாக நிறுத்தி, மறுக்கா மறுக்கா ஓட்டிப் பார்த்தார். குற்றவாளி அகப்பட்டது. இருக்கிற ஆன்ட்டிவைரஸ் போதாதென்று முதலாளி இன்னொன்றையும் போட்டு வைத்திருக்கிறார்!

"ஒன்னுக்கு ரெண்டா இருக்கட்டுமேன்னுதான்..." என்று இழுத்தார் முதலாளி.

"பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கிறோம்ல சார், அந்தக் கததான். கம்ப்யூட்டர் மெமரியில அப்பன் புரோகிராம் உக்காந்த அதே சீட்டு நம்பர்லதான் அது கெளப்பி விடுற புள்ளையும் உக்காரணும். ஒங்க காவக்காரங்க ரெண்டு பேரும் முந்தி ஏறித் துண்டு போட்டுர்றாங்க. வேற சீட்டுல போட்டா பொழச்சோம். அதே சீட்டுல போட்டா புள்ளை விழுந்துரும்!"

ஒரு காவல்காரனை வெளியேற்றினார். மற்றவனை எங்கள் ஸ்கிரிப்ட் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று விலக்கி வைத்தார். ஓடுகிற எல்லாவற்றையும் மூடச் சொல்லி, எந்தப் புரோகிராமுக்கு எந்த இடம் என்று புதிதாக ஒதுக்கிவிட்டுக் கிளம்பினார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமல் அவரிடமிருந்து போன். பின்னால் ஒரே சந்தை இரைச்சல்.

"கீரமங்கலம் மார்க்கெட்டுக்குள்ளதான் நிக்கிறேன் தங்கச்சி. இங்கிட்டும் அங்கிட்டும் எல்லார் போனுக்கும் வெலை வந்துருச்சு. சென்னைக்கெல்லாம் போக வேணாம், நிம்மதியாப் புள்ளையப் பாரு."

எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் இல்லை. இருந்திருந்தாலும், எனக்காக முதல் பஸ் பிடித்துப் போய் அங்கே நின்றிருப்பானா என்பது சந்தேகம்தான்.